குஞ்சம்மாளின் உயிர்ச்சான்று

வணக்கம். எல்லாரும் சௌக்கியமா? வெயில் ஏறிவிட்டது, பத்து மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள். கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தவர்கள் உப்பைக் குறைத்தீர்களா? ஊறுகாயும் உப்புதான், அதைத் தனியாக வைத்துப் பார்த்து உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். சரி, உட்காருங்கள். நம் ஜோசப் ஆனந்த் எழுதி முடித்த நாவலை முடிக்க முடியாமல் தவித்தாரே, அதைச் சொல்கிறேன்.

ஜோசப் ஆனந்துக்கு வயது நாற்பத்தொன்பது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மருந்துப் புட்டிக்கு மூடி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். பகலெல்லாம் மூடி பார்ப்பார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாவல் எழுதுவார். பதிப்பகம் எதையும் தேடிப் போகவில்லை. கைபேசியில் சொந்தமாக ஒரு சேனல் வைத்திருந்தார். மூன்று மாசத்துக்கு ஓர் அத்தியாயம் தேறும். தேறியதும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அதில் போட்டுவிடுவார். முந்நூற்று நாற்பது பேர் படித்தார்கள். அதில் முப்பது பேர் சொந்தக்காரர்கள், அவர்கள் படிக்காமலே கைகூப்பும் பொம்மை போடுவார்கள். மிச்சப் பேர் நிஜமாகவே படித்தார்கள்.

நாவலின் பெயர் ‘கரைக்காரி’. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் குஞ்சம்மாள் என்கிற பெண்ணின் கதை. பதினோரு வருஷமாக எழுதினார். முப்பத்தெட்டு அத்தியாயம் போட்டாயிற்று. மீன் சமாசாரம் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் வைத்திக்குப்பத்தில் நிஜமாகவே மீன் விற்கிற சின்னப்பாப்பா. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் ஒவ்வோர் அத்தியாயத்தையும் இவர் போய்ப் படித்துக் காட்டுவார், அவள் வஞ்சிரத்தின் வாலை வெட்டிக்கொண்டே, “வாடக் காத்துல எவன்பா இந்த மீனுக்கு வலை போடுவான்” என்று திருத்துவாள்.

முப்பத்தொன்பதாவது அத்தியாயம்தான் கடைசி. அதையும் எழுதி வைத்துவிட்டார். அதில் குஞ்சம்மாள் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, கரையில் ஏற்றி வைத்த படகின் நிழலில் உட்காருகிறாள், பிறகு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். நாலே பக்கம். அந்த நாலு பக்கத்துக்கு மட்டும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதை வாசகர்கள் கையில் ஒப்படைத்துவிட்டால் போதும், பிறகு எது நடந்தாலும் சரி என்றிருந்தார் மனுஷன்.

புத்தாண்டு அன்று சேனலில் ஓர் அறிவிப்புப் போட்டார். “கையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ‘கரைக்காரி’, ஒரே அத்தியாயம் பாக்கி, ஈஸ்டர் ஞாயிறு அன்று பகிர்வேன். இரண்டு, காலாப்பட்டிலிருந்து சென்னை போகும் பஸ்ஸை வைத்துச் சில கதைகள், பாதியில் நிற்கின்றன. மூன்று, குடையைத் தொலைத்த ஒருவரைப் பற்றி ஏதோ தோன்றியிருக்கிறது, பார்க்கலாம்.” இதுதான் அவர் செய்த குற்றம்.

பத்தாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அனுப்பியது நிறைவுறா எழுத்துகள் வாரியம்.

அப்படி ஒரு வாரியம் நம் ஊரில் இருப்பது அன்றைக்குத்தான் ஜோசப் ஆனந்துக்குத் தெரிந்தது. ஆறு வருஷமாக இருக்கிறதாம். எழுதிக்கொண்டிருக்கும் எந்தப் படைப்பும் கவனிப்பாரின்றி மாண்டுவிடக் கூடாது என்பது அதன் நோக்கமாம். கடிதத்தில், தாங்கள் ஜனவரி முதல் தேதியன்று மூன்று நிறைவுறாப் படைப்புகளைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டுள்ளீர்கள், அவை பதிவு பெற்று உயிர்ச்சான்று பெறும்வரை எழுத்திலோ ஒலியிலோ வாய்மொழியிலோ எவருடனும் பகிரலாகாது என்று இருந்தது. அன்று மாலையே சேனல் மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால் வாரியத்தின் சின்னம் மட்டும் தெரிந்தது. பாதி எழுதிய ஒரு தாள், அதன் மேல் ஒரு பூட்டு.

வேறொரு எண்ணில் புதுச் சேனல் தொடங்கிப் பார்த்தார். நாலு மணி நேரத்தில் அதன் மேலும் பூட்டு ஏறியது.

“கடைசி அத்தியாயத்த உனக்காச்சும் படிச்சுக் காட்டறேன், வா” என்று மனைவி மெரினைக் கூப்பிட்டார். மெரின் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள், எதையும் யோசித்துச் செய்வாள்.

“எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கு வந்து என்னக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். நேரா ஆபீசுக்குப் போயி என்னா ஏதுன்னு கேட்டுட்டு வாங்க” என்றாள்.

போனார். வாரியம் ஒரு பழைய மஞ்சள் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கவுண்டரில் கண்காணிப்பாளர் அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஓய்வூதியப் பிரிவில் இருந்துவிட்டு, மாற்றலில் இங்கே வந்தவர். நம் ஊரில் ஓய்வூதியப் பிரிவு என்றால் உங்களுக்குத் தெரியும், நவம்பர் வந்தால் போதும், நடக்க முடிகிறவர்கள் முடியாதவர்கள் எல்லாரும் ஆட்டோ பிடித்துப் போய், நாங்கள் இன்னும் சாகவில்லை என்று முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பிரான்சு பென்ஷன் வாங்குகிற தாத்தாக்கள் அதற்கென்றே கோட்டுத் தைத்து வைத்திருப்பார்கள். வாரியத்துக்கென்று சொந்தமாகப் படிவம் எதுவும் கிடையாது. அரிகிருஷ்ணன் பழைய இடத்திலிருந்து உயிர்ச்சான்றுப் படிவங்களை இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ‘ஓய்வூதியர்’ என்று அச்சிட்ட இடத்தில் கோடு கிழித்து, ‘படைப்பு’ என்று பேனாவால் எழுதிவிட்டார். மற்ற எதையும் மாற்றவில்லை.

“படைப்பு உயிரோட இருக்கா?” என்று கேட்டார்.

“எழுதிட்டுதான் சார் இருக்கேன்.”

“நீங்க எழுதறது வேற விஷயம். அது உயிரோட இருக்கான்னு கேட்டேன்.”

ஜோசப் ஆனந்த் பையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்தார். அரிகிருஷ்ணன் அதைத் தொடவில்லை.

“இது காகிதம். ஒரு தடவ காகிதத்த நம்பி ஏமாந்தேன் சார். ஒரு பெரியவர் உயிரோட இருக்கார், உயிரோட இருக்கார்னு நாலு வருஷம் கையெழுத்து வந்துச்சு. வீட்டுக்குப் போயிப் பாத்தா போட்டோவுக்கு மால போட்டிருக்குது. கையெழுத்துப் போட்டவன் மருமவன். அன்னியிலருந்து நேர்ல பாக்காம நான் யாரையும் உயிரோட விடறதில்ல.”

“நாவல நேர்ல எப்படி சார் காட்டறது?”

“முதன்மைக் கதாபாத்திரம் ஆஜராவணும். யாரு?”

“குஞ்சம்மான்னு ஒரு மீன்கார அம்மா. ஆனா அவங்க கற்பன சார்.”

“கற்பனைக்கு அடையாள அட்டை ஏதாச்சும் இருக்குதா?”

“இல்ல சார்.”

“அப்ப ரெண்டு சாட்சியோட கூட்டிட்டு வாங்க.”

அடுத்து பஸ் கதைகளுக்கு வந்தார்கள். அதில் முதன்மைக் கதாபாத்திரம் பஸ் என்பதால், பஸ்ஸை அலுவலக வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், கூடவே தகுதிச் சான்றின் நகல் இரண்டு வேண்டும். குடைக் கதையைக் கேட்டதும் அரிகிருஷ்ணனின் முகம் இருண்டது. தொலைந்து போனது என்றால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் குடை வராவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம்.

“சார், இந்த ரெண்டையும் நான் வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார் ஜோசப் ஆனந்த்.

“பாதியில இருக்கறத வாபஸ் வாங்க முடியாது. முடிச்சிட்டு வாபஸ் வாங்குங்க.”

“முடிக்கறதுக்கு?”

“உயிர்ச்சான்று வேணும்.”

மணி ஒன்று அடித்தது. அரிகிருஷ்ணன் எழுந்து கவுண்டரை இழுத்து மூடினார். இனி நாலு மணிக்குத்தான். அந்த மூன்று மணி நேரத்தில் இந்த ஊரில் எவரும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஜோசப் ஆனந்த் அந்த வெயிலில் நேராக வைத்திக்குப்பம் போனார். சின்னப்பாப்பா மிச்சமிருந்த சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

“நான் எதுக்குப்பா வரணும்?”

“குஞ்சம்மா உயிரோட இருக்கான்னு காட்டணும்க்கா. உங்களப் பாத்துத்தானே எழுதினேன்.”

“நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?”

“குஞ்சம்மான்னு சொல்லணும்.”

“பொய் சொல்லச் சொல்ற.”

“கததான்க்கா.”

“கதைய நீ சொல்லுவ, பொய்ய மட்டும் நான் சொல்லணுமா? நல்லா பாகம் பிரிச்சிகினே.” கூறுகளில் ஒன்றை எடுத்து மற்றொன்றில் சேர்த்தாள். “போட்டோ புடிப்பாங்களா?”

“புடிப்பாங்க.”

“அப்ப திங்கக்கெழம வர்றேன். தலைக்கு ஊத்தினு வரணும்.”

திங்கட்கிழமை பட்டுப் புடவையில், சாட்சிக்கு இரண்டு மீன்காரிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அரிகிருஷ்ணன் முப்பத்தெட்டு அத்தியாயத்தையும் மேசையில் அடுக்கி வைத்து, அவளை ஒரு பக்கம் பார்ப்பதும் காகிதத்தை ஒரு பக்கம் பார்ப்பதுமாக ஒன்றரை மணி நேரம் ஒப்பிட்டார்.

“நாலாம் அத்தியாயத்துல ரெண்டு பக்கமும் மூக்குத்தின்னு இருக்கு. இங்க ஒண்ணுதான் இருக்கு.”

“இன்னொண்ணு கடல்ல போயிட்டுது. கடல்ல எறங்கித் தேட்றீங்களா?” என்றாள் சின்னப்பாப்பா.

“பதினேழாம் அத்தியாயத்துல இடது கால் கொஞ்சம் இழுக்கும்னு இருக்கு. நடந்து காட்டுங்கம்மா.”

நடந்து காட்டினாள். இழுக்கவில்லை. அரிகிருஷ்ணன் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜோசப் ஆனந்தைப் பார்த்தார்.

“ஆள் ஒரு மாதிரி இருக்குது, எழுத்து வேற மாதிரி இருக்குது. ரெண்டுல எது அசல்?”

ஜோசப் ஆனந்த் இரண்டையும் மனசுக்குள் எடை போட்டார். எழுத்துதான் அசல் என்றால் சான்று கிடைக்காது. ஆள்தான் அசல் என்றால் பதினோரு வருஷம் எழுதியது பிழையாகிவிடும்.

“ஆள்தான் சார்” என்றார் கடைசியில்.

அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூக்குத்தியும் காலும் நாவலில் திருத்தப்பட்டன. சின்னப்பாப்பா கட்டைவிரல் வைத்தாள். படம் எடுத்தார்கள். ‘குஞ்சம்மாள், முதன்மைக் கதாபாத்திரம், வைத்திக்குப்பம்’ என்று அட்டை அடித்து, கழுத்தில் மாட்டக் கயிறும் கொடுத்தார்கள். உயிர்ச்சான்று நவம்பர் முப்பது வரை செல்லும். அதோடு ‘கரைக்காரி’யின் பூட்டை மட்டும் திறப்பதாக ஏற்பாடு, பஸ்ஸும் குடையும் நிலுவையில் இருக்கட்டும் என்று விட்டார்கள். ஜோசப் ஆனந்த் அன்றைக்கு அவளுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்னால் கடைசி அத்தியாயத்தை அனுமதிக்காகக் கொண்டுபோனார். அரிகிருஷ்ணன் நாலு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். படிக்கப் படிக்க உட்கார்ந்தார்.

“என்னா சார் இது, செத்துடறாங்க?”

“ஆமா சார். அதோட கத முடியுது.”

“இந்தம்மா உயிரோட இருக்காங்கன்னு ஒன்றர மாசம் முன்னாடி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நவம்பர் முப்பது வரைக்கும் இவங்க சாவ முடியாது.”

“அப்ப டிசம்பர்ல போட்டுக்கறேன் சார்.”

“டிசம்பர்ல படைப்பு இருக்கணும்னா நவம்பர்ல புதுச் சான்று வாங்கணும். புதுச் சான்று வாங்கினா அடுத்த நவம்பர் வரைக்கும் இருப்பாங்க.”

“சாகாம முடிச்சா?”

“உயிரோட இருந்தா அது எப்படி சார் முடிஞ்சதாவும்? நாளைக்குக் காலையில எழுந்து எதாச்சும் செய்வாங்க இல்ல? அப்ப அது நிறைவுறாப் படைப்புதான்.” அரிகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். நல்லவர்தான், உதவ வேண்டும் என்று அவருக்கும் இருந்தது. “ஒரு வழி இருக்கு. நகராட்சியில இறப்புச் சான்று வாங்கிட்டு வந்தீங்கன்னா நான் அன்னிக்கே முடிச்சுக் குடுத்துடுவேன். அதுக்கு மட்டும் நீங்க ஏதாச்சும் ஏற்பாடு பண்ணணும்.”

ஜோசப் ஆனந்த் எழுந்து வந்துவிட்டார். ஈஸ்டர் ஞாயிறு அன்று பூசை முடிந்து வந்து, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேனல் திறந்துதான் இருந்தது. ‘அத்தியாயம் எங்கே’ என்று நூற்றுப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். பதில் எழுத விரலை வைத்தால், வாரியத்தின் அனுமதி எண் என்ன என்று கேட்டது.

மேலே இருப்பவரிடம் முறையிட்டுப் பார்க்கலாம் என்று மெரின் சொன்னாள். மேலே இருந்தவர் வாரியத்தின் செயலர் வெற்றிச்செல்வன். அவரை அறையில் பார்க்க முடியாது, மேடையில்தான் பார்க்க முடியும். ஜூலையில் நிறைவுறா எழுத்துகள் வார விழா வந்தது. அழைப்பிதழ் இரண்டு வந்தன. சின்னப்பாப்பாவுக்கு வந்ததில் மேடை என்று போட்டிருந்தது. ஜோசப் ஆனந்துக்கு வந்ததில் இடமிருப்பின் என்று போட்டிருந்தது.

விழாவில் வெற்றிச்செல்வன் ஐம்பது நிமிஷம் பேசினார். “அன்பர்களே, இந்த வாரியம் தொடங்கிய ஆறு ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு படைப்புகளைப் பதிவு செய்திருக்கிறோம். அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை முடியவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். முடிந்த புத்தகத்துக்கு என்ன மரியாதை இருக்கிறது? அலமாரியில் கிடக்கும். எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்துக்குத்தான் அலுவலகம் உண்டு, கோப்பு உண்டு, ஊர்தி உண்டு. சிலர் அவசரப்படுகிறார்கள். முடித்துவிட வேண்டும், பகிர்ந்துவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன், எல்லாரும் முடித்துவிட்டால் நாங்கள் எங்கே போவது? நானும் எழுதுகிறவன்தான். இருபது ஆண்டுகளாக ஒரு காவியம் எழுதுகிறேன். முதல் வரி தயாராக இருக்கிறது. அதை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்து வருகிறேன்.”

கைதட்டினார்கள். பிறகு குஞ்சம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சின்னப்பாப்பா அதைக் கையால் தடவிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள். ஜோசப் ஆனந்த் கடைசி வரிசைக்குப் பின்னால், தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றிருந்தார். விழா முடிந்ததும் செயலரின் காரை எட்டிப் பிடித்துத் தன் குறையைச் சொன்னார்.

“உங்க குஞ்சம்மா அருமையான பாத்திரம். எங்க எடுத்தீங்க? ரொம்ப உயிரோட இருக்காங்க. சாகடிச்சுடாதீங்க” என்று சொல்லிவிட்டு வெற்றிச்செல்வன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அன்றிரவு ஜோசப் ஆனந்த் வாரியத்தின் விதிகளை முதலிலிருந்து படித்துக்கொண்டே போனார். தரம் பார்க்கிறவர் அல்லவா, முப்பத்தாறாவது விதியில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, அந்தச் சந்தோஷத்தில் அதோடு மூடி வைத்துவிட்டார். நவம்பரில் யார் நேரில் வந்து சான்றைப் புதுப்பிக்கவில்லையோ, அவர் இறந்ததாகக் கொள்ளப்படுவார். அவ்வளவுதானே. குஞ்சம்மாள் நவம்பரில் போகவே வேண்டாம். டிசம்பர் முதல் தேதி அவள் தானாகச் செத்துவிடுவாள். கடைசி அத்தியாயம் செல்லும்.

“நம்ம பாட்டுக்கு நவம்பர் பூரா வீட்ல உக்காந்திருப்போம். அந்த ஆபீஸ் இருக்கற தெருப்பக்கம்கூடப் போவ மாட்டேன்” என்றார் மெரினிடம்.

“சின்னப்பாப்பாக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லாம இருந்தாலே போதும். கூப்பிட்டாத்தானே வருவாங்க.”

மெரின் ஏதோ சொல்ல வந்து, டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டதால் உள்ளே போய்விட்டாள்.

ஆயிரம் விஷயத்தில் கெட்டிக்காரர், இதில் கோட்டை விட்டார். நவம்பர் பத்தாம் தேதி, ‘குஞ்சம்மாள், முதன்மைக் கதாபாத்திரம், வைத்திக்குப்பம்’ என்ற முகவரிக்கு வாரியம் நேரடியாகவே ஓர் அட்டை அனுப்பியது. தபால்காரர் அதை ஒரு நொடிகூட யோசிக்காமல் சின்னப்பாப்பாவிடம் கொடுத்து, படித்தும் காட்டினார். நேரில் வராதவர் இறந்ததாகக் கொள்ளப்படுவார் என்று கேட்டதும், அவள் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிட்டாள். ஜோசப் ஆனந்த் மறந்திருப்பார், வேலை மும்முரம் பாவம் என்று நினைத்துக்கொண்டாளாம். கட்டைவிரல் வைத்து அடுத்த நவம்பர் வரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

டிசம்பர் இரண்டாம் தேதி ஜோசப் ஆனந்த் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார். அரிகிருஷ்ணன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு சார். வயசும் அப்படி ஒண்ணும் ஆயிடல.”

“குஞ்சம்மாவுக்கா சார்?”

“அவங்களுக்கு என்னா, நல்லா இருக்காங்க. பதினொண்ணாம் தேதியே வந்துட்டுப் போயிட்டாங்க. நான் உங்களச் சொல்றேன்.” கோப்பைத் திறந்து காட்டினார். “படைப்பாளருக்கும் சான்று உண்டு சார், விதி நாப்பத்தி ஒண்ணு. முப்பதாம் தேதி ராத்திரி எட்டு மணி வரைக்கும் கவுண்டர மூடாம உங்களுக்காக உக்காந்திருந்தேன்.”

“இப்ப நான் நேர்லதானே சார் நிக்கறேன்.”

“நிக்கறீங்க. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது டிசம்பர்.”

 அரிகிருஷ்ணன் ஒரு நாற்காலியைப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். ஓய்வூதியப் பிரிவில் இருந்த நாளிலிருந்தே துக்கத்தோடு வருகிறவர்களைக் கவனிக்க அவருக்குத் தெரியும்.

“நீங்க கவலப்படாதீங்க. படைப்பு அனாதையா போவாது. படைப்பாளர் இல்லன்னா உரிம உயிரோட இருக்கற பாத்திரத்துக்குப் போவுது. குஞ்சம்மா பேருக்கு மாத்திட்டோம். நீங்க ஏதாச்சும் பகிரணும்னா அவங்க கட்டவிரல் வச்ச சம்மதக் கடிதம் கொண்டாங்க, அஞ்சு நிமிஷத்துல அனுமதி எண் தர்றேன்.”

ஒரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்தது ஜோசப் ஆனந்துக்கு. ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் சின்னப்பாப்பாவின் விரல்.

கரையில் அவள் அன்று வந்த நெத்திலியை உலர வைத்துக்கொண்டிருந்தாள். சம்மதக் கடிதத்தையும் மை டப்பாவையும் எடுத்து வைத்தார்.

“இன்னா எழுதியிருக்குதுன்னு கேக்காம வெரல வைக்கக் கூடாதுன்னு அந்த ஆபீஸ்காரரு சொன்னாரு. படி” என்றாள்.

அந்த ஒரு வருஷத்தில் எவர் காதிலும் போடக்கூடாது என்றிருந்த நாலு பக்கத்தை, ஜோசப் ஆனந்த் மணலில் உட்கார்ந்து படித்தார். காலை வியாபாரம், மிச்ச மீனைக் காக்கைக்குப் போட்டது, படகின் நிழல், அவள் அவிழ்த்து மறுபடி முடிந்த கொண்டை, பிறகு ஒன்றுமில்லை. சின்னப்பாப்பா இடையில் ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை. முடிந்ததும் கையிலிருந்த நெத்திலியைப் பரப்பி வைத்தாள்.

“என் பெரியம்மா இப்பிடித்தான் போச்சு. நெழல்ல உக்காந்துச்சு, தூங்குதுன்னு நெனச்சிகினு இருந்தோம். நீ பாத்த மாரியே எழுதியிருக்கிறே.”

“அப்ப விரல் வைங்கக்கா.”

“மாட்டேன்.”

“நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே.”

“நல்லாத்தான் இருக்குது. நீ நாலு பக்கத்துல என்ன அனுப்பிட்டுப் போயி அடுத்து அந்தக் குடைக்காரன் கதைய எழுதுவ. எனக்கு இன்னும் வேல இருக்குது தம்பி. நெத்திலி இப்பத்தான் வருது. அந்த செயலர் ஆளப் போயிப் பாத்து, மேடையில குந்த வச்சியே, ஒரு வாய் காப்பித் தண்ணி குடுத்தியான்னு கேக்கணும். அத எழுது.”

“அது கதையில வராதுக்கா.”

“ஆள் அசலா எழுத்து அசலான்னு அவரு கேட்டப்ப, ஆள்தான்னு நீதானே எழுதிக் குடுத்தே. அசலு சொல்றேன், எழுதிக்கோ.”

அவர் கெஞ்சினார். கோபித்துக்கொண்டு பத்து அடி நடந்து திரும்பி வந்தார். அவள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், கருவாடும் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், விரலை மட்டும் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் சொன்னதையே எழுதினார். அதற்கு உடனே விரல் வைத்தாள். அனுமதி எண்ணும் ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சேனலில் அத்தியாயம் முப்பத்தொன்பது வந்தது. குஞ்சம்மாள் காப்பித் தண்ணி கேட்கப் போன அத்தியாயம். தலைப்புக்குக் கீழே வாரியம் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தது. ‘உரிமையாளர்: குஞ்சம்மாள். மூலப் படைப்பாளர்: அமரர் ஜோசப் ஆனந்த்.’

பத்து நிமிஷத்தில் கைபேசி துள்ள ஆரம்பித்தது. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று இருநூறு பேர் போட்டிருந்தார்கள். அந்த முப்பது சொந்தக்காரர்களும் படிக்காமல் கைகூப்பினார்கள். காலாப்பட்டிலிருந்து ஒருவர் மட்டும் நீளமாக எழுதியிருந்தார். “இவரை நான் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக ஓர் அத்தியாயம் விடாமல் படித்தேன். முடிவை எழுதாமலே போய்விட்டாரே. எப்படி முடித்திருப்பார் என்று இனி யாரிடம் கேட்பது?”

ஜோசப் ஆனந்த் அதை நாலைந்து தடவை படித்தார். எழுதிவிட்டேன், என்னிடம்தான் இருக்கிறது, நாலே பக்கம் என்று பதில் தட்டி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார். இறந்தவர் கணக்கிலிருந்து செய்தி அனுப்ப இயலாது, உரிமையாளரை அணுகவும் என்று வந்தது.

மெரின் அடுக்களையிலிருந்து, “யாரோ வாசல்ல மாலையோட வந்து நிக்கறாங்க, போயி என்னான்னு பாருங்க” என்றாள். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வந்தவர் மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டு, “நீங்க அவருக்கு என்ன உறவு?” என்று கேட்டார்.

ஜோசப் ஆனந்த் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கூடவே இருந்தவன்” என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. இப்போது அத்தியாயம் அறுபது ஓடுகிறது, வாரா வாரம் சின்னப்பாப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறார். உங்களில் யாராவது எங்காவது ஒரு கவுண்டரில் நின்று, நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்கப் பாடுபட்டதுண்டா? எந்த அலுவலகம், என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொல்லித் தப்பித்தீர்கள் அல்லது மாட்டிக்கொண்டீர்கள் என்று எனக்கு விவரமாக எழுதுங்கள். பாதியில் நிறுத்தாமல் முழுதும் எழுதுங்கள். முடிக்க முடியாத வேலை ஏதாவது கையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஆனால் மெதுவாக, ஊர் முழுக்க அறிவிப்புப் போட்டுவிடாதீர்கள்.